என் சாவுக்கு அழுத மருமகள்

மகனே, உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஒரு தடவை படித்தேன். என் கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை, நீ எழுதியிருப்பதுதான் அப்படி. நம் ஊரில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வருஷம் கப்பல் ஏறியவன் நீ. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா வேலையை முடித்துக்கொண்டு, ஜெர்மனியிலேயே தங்கி, தொலைக்காட்சிப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பத்துப் பேரை வேலை வாங்குகிற இடத்தில் இருக்கிறாய் என்று நம் சாரம் பேட்டை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட துரைக்குத் தன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேச அம்மாவின் கையெழுத்து வேண்டியிருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலில் அடுப்பிலிருந்த குழம்பு அடிப்பிடித்துப் போயிற்று. அன்றைக்கு மோர்விட்டுத்தான் சாப்பிட்டேன்.

நீ கேட்டிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். எல்சாவுக்கு ஒரு பெரிய நாடகத்தில் முதல் வேஷம் வந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நீயோ அவள் தொலைக்காட்சியில் நடிப்பதையே அடியோடு விட்டுவிட வேண்டும் என்கிறாய். ஆனால் அதை நீ சொல்லமாட்டாயாம். நம் குடும்பத்துக்கு இதெல்லாம் அடுக்காது, ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று நான் அவளுக்கு எழுத வேண்டுமாம். "நீ ஒரு வரி எழுதினா போதும்மா, உன் பேச்ச அவ தட்டமாட்டா" என்று எழுதியிருக்கிறாய். சரி, பிள்ளை கேட்கிறான், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று இதைக்கூட விட்டிருப்பேன். அதற்கடுத்த வரிதான் என்னை உட்காரவைத்தது. நான் அழுதுகொண்டே இருப்பதாக அவளிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாயாமே! என் பெயரைச் சொல்லி, என்னைக் கேட்காமல், என் வாயில் இல்லாத பேச்சை அவள் காதில் போட்டுவிட்டாய்.

இப்போதுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. அந்தப் பெண் மாதாமாதம் எனக்குக் கடிதம் போடுவாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவள் எழுதுவாள், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நான் படிப்பேன். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்கார முசியே வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்துக் கற்ற பிரெஞ்சு எனக்கு. பட்டாளத்து உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவிக் கற்ற பிரெஞ்சு அவளுக்கு. இரண்டும் சேர்ந்தால் இலக்கணம் செத்துப்போகும், ஆனாலும் பேச்சு நடக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் அவள் நடித்த நாடகத்தின் போட்டோ ஒன்றிருக்கும். சித்திரைக்குப் பிறகு கடிதமே இல்லை. தபால்காரரை நான் திட்டாத நாளில்லை. உடம்புக்கு என்னவோ என்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நீதான் அவளையும் என்னையும் பிரித்துவைத்திருக்கிறாய். அவள் அங்கே உட்கார்ந்து, இந்தக் கிழவிக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அவளைப் பிடிக்கத்தான் இல்லை. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அவளுக்கும் தெரியும். நீங்கள் கல்யாணம் முடித்து இங்கே வந்த அந்த மாசி மாதம், எனக்கு அவளுடைய எதுவுமே பொறுக்கவில்லை. ரசத்தைக் காப்பி மாதிரி குடித்தாள். துவைத்த துணியை இழுத்துப் பிழியத் தெரியவில்லை. தலையை முடியவே மாட்டாள், விரித்துப்போட்டபடியே வளையவருவாள். நான் சொன்னால் சிரிப்பாள். சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, ஐயா. நீ வாடகைக்கு எடுத்துப் பேசத் தேவையில்லை.

அவள் கதையை நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நீ உட்கார்ந்து கேட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ வெளியே சுற்றப் போய்விடுவாய், நாங்கள் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டு பேசுவோம். அவள் அப்பா ரயிலுக்குக் கைகாட்டி போடுகிறவர். அம்மா துணி தைக்கிறவள். அந்தப் பெரிய சண்டையில் குண்டு விழுந்து, வீட்டுக்கு அடியிலிருந்த அறையில் பதுங்கியிருந்த அம்மா போய்விட்டாள். இவள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வேறு ஊரில் இருந்தாளாம். சண்டை முடிந்தபின் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குத் தட்டுக் கழுவினாள். குரல் நன்றாயிருக்கிறது என்று யாரோ ரேடியோவில் குழந்தைகளுக்குக் கதை படிக்கக் கூப்பிட்டார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. முதல் வேஷம் என்ன தெரியுமா? கதவைத் திறந்து, "ஐயா வந்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான். அதற்கு முழுநாள் காத்திருந்தாளாம். அதன்பிறகும் ரொம்ப நாள் கதவு திறக்கிற வேஷம்தான். வேலைக்காரி, நர்ஸ், தபால் கொண்டுவருகிறவள். ஒருநாள் அந்த அட்டைக் கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. அப்போதெல்லாம் அங்கே நாடகத்தை முன்னாடியே படம் பிடித்து வைக்க மாட்டார்களாம், நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போய்விடுமாம். வெளியே போகவேண்டியவள் போகமுடியாமல், சோபாவுக்குப் பின்னால் தரையில் படுத்து, காட்சி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நம் கூடத்தில் பாயை விரித்து நடித்தே காட்டினாள். நான் கீரையைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து நான் முதன்முதலாகச் சிரித்தது.

அப்புறம் அந்தக் காலைநேரத்துக் கூத்து. உனக்கு அதை நினைத்தாலே முகம் சுளிக்கும். இருந்தாலும் நான் சொல்வேன், ஏனென்றால் நீ பாதியில் வந்து பாதியைத்தான் பார்த்தாய். நீ அதற்கு முந்தின நாளே சேதராப்பட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தாய். நான் விடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டேன். எல்சா வீட்டில் தனியாக இருந்தாள். ஊருக்குத் திரும்பியதும் ஒரு நாடகம், அதில் பிள்ளையைச் சண்டையில் பறிகொடுத்த தாய் வேஷம். நடுவில் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்பதால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். கிணற்றடியில் நின்றுகொண்டு, தலைவிரி கோலமாக, விடிகாலையில் வாய்விட்டு அழுது பழகியிருக்கிறாள். நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம்? விடிகாலையில் ஒரு வீட்டில் மருமகள் தலையை விரித்துப்போட்டு அழுதால், மாமியார் போய்விட்டாள் என்று அர்த்தம். யாரும் எதையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

எதிர்வீட்டுத் தனபாக்கியம்தான் முதலில் ஓடிவந்தாள். வந்தவள் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே தெருவே வந்துவிட்டது. எல்சாவுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவள் என்ன நினைத்துக்கொண்டாள் தெரியுமா? தான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டு, கூட நடித்து உதவ வந்திருக்கிறார்கள், எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்தாளாம்! அதனால் இன்னும் நன்றாக அழுதிருக்கிறாள். அவள் அழ அழ இவர்களுக்குத் துக்கம் கூடிப்போய் மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பு உள்ளே இருக்கிறதா என்று ஒருத்திக்காவது பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவருகிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்படியே நம்பிவிட்டார்கள். தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் உனக்குச் சேதி சொல்ல சைக்கிளில் சேதராப்பட்டுக்குக் கிளம்பிவிட்டார். மேளத்துக்கும் ஆள் போயாயிற்று.

நான் ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் மீன்கூடையோடு வந்து தெருமுனையில் இறங்குகிறேன், என் வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்கிறது.  உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். காலை எட்டிப்போட்டு வாசலுக்கு வந்தால், பாட்டில் என் பெயர் வருகிறது. சங்கரா மீன் குழம்பு வைப்பதில் என்னைப்போல் யாருண்டு என்று தனபாக்கியம் பாடுகிறாள். அந்தக் குழம்பில் புளி அதிகம் என்று ஒருநாள் விடாமல் சொன்னவள் அவள்! கொஞ்சநேரம் அப்படியே நின்று கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கூடையை டங்கென்று கீழே வைத்து, "இன்னாடி, யார் செத்தது?" என்றேன். அலறிக்கொண்டு எழுந்தார்கள் பார். ஒருத்தி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அப்புறம் எனக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லி, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, கற்பூரம் சுற்றிப் போட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார்கள். எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம். மருமகள் வந்து பதினைந்து நாளில் மாமியாரைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் சிரிக்குமே என்று கத்தித் தீர்த்தேன். அவள் ஒன்றும் புரியாமல் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நீ வந்தாய். அழுது வீங்கின முகம், பின்னால் ரோஜா மாலையோடு சித்தப்பா. நான் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்கிறேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய், அது எனக்கு நினைவிருக்கிறது, அதற்காக உன்மேல் எனக்குப் பிரியம்தான். அதன் பிறகு திரும்பி, தெருவே பார்க்க, அவளிடம் உங்கள் பாஷையில் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன தொனி எனக்கு நன்றாகத் தெரியும். உங்கப்பாவின் தொனி அது. அவள் கையிலிருந்த மீன் சட்டியில் விழுந்தது.  என் கோபமெல்லாம் அந்த நிமிஷத்திலேயே அவளைவிட்டு உன்மேல் ஏறிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. அந்த மாலையைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்குப் போட்டேன்.

சாயங்காலம் நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளையே பெறாதவள் இவ்வளவு அழுகைக்கு எங்கே போனாய் என்று கேட்டேன். செத்துப்போன தன் அம்மாவுக்காக இதுவரை அழுததில்லை, அந்த அழுகைதான் என்றாள். அவர்கள் ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் ஒரு சாவு. ஒருத்தி வாய்விட்டு அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்களாம். "கட்டிப் புடிச்சி அழலாம்னு எனக்கு யாரும் சொல்லித்தரல, இன்னைக்குத்தான் அந்த அம்மா என்னக் கட்டிக்கிட்டாங்க" என்றாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் நம் பேச்சில் எழுதியிருக்கிறேன்.  மறுநாள் தனபாக்கியத்தைக் கூப்பிட்டு, இவளுக்குச் சொல்லிக்கொடுடி என்றேன். நீ வெளியே போனதும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம். ஒருத்தி கழுத்தை ஒருத்தி எப்படிப் பிடிப்பது, குரலை எங்கே இழுத்து எங்கே விடுவது, அழுகைக்கு நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு எப்படி மறுபடி தொடங்குவது, எல்லாம் தனபாக்கியம் காட்டினாள். இது உனக்குத் தெரியாது. தெரிந்தால் கத்துவாய் என்று சொல்லவில்லை.

அந்த நாடகத்தில் அவள் அப்படித்தான் அழுதாளாம். கூட நடித்த கிழவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பேசவேண்டிய பேச்சில் பாதியை விட்டுவிட்டு, நம் தெருப் பெண்கள் அழுகிற மாதிரி. நடத்துகிறவர் பயந்துபோய், இது எங்கே கற்றது என்று கேட்டாராம். பிள்ளையை இழந்த தாய்மார் அவளுக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்களாம். அதற்கப்புறம் அவளைக் கதவு திறக்க யாரும் கூப்பிடவில்லை. நான் அதைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் அந்தப் பெட்டியே கிடையாது. நீ பார்த்தாயா என்று கேட்டு எழுதினேன், அன்றைக்கு வேலை இருந்தது என்று பதில் போட்டாய். பெட்டி செய்கிற உனக்கு ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார நேரமில்லை.

சரி, உன் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். வேறு எதையோ சொல்கிறவன்போல அங்கே ஒன்றைச் செருகியிருக்கிறாய். போன நாடகத்தில் அவளுக்குப் புருஷனாக நடித்தவன் அவளுக்கு முத்தம் கொடுத்தான், மறுநாள் தொழிற்சாலையில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுதானே விஷயம்? குடும்பமும் ஊரும் அம்மா மனசும் எங்கிருந்து வந்தன? எனக்கும் அது பிடிக்காதுதான், ஒளிக்கவில்லை. போட்டோவில் வந்திருந்தால் திருப்பி வைத்திருப்பேன். ஆனால் உனக்கு வயிறு எரிந்தால் உன் வயிறு எரிகிறது என்று சொல். கூசினால் கூசுகிறது என்று சொல். அவள் அழட்டும், கத்தட்டும், உன்னை நாலு கேள்வி கேட்கட்டும், பதில் சொல். அதற்குப் பயந்துகொண்டு என் முந்தானைக்குப் பின்னால் வந்து ஒளிகிறாயே, உனக்கு வயது என்ன?

உங்கப்பாவும் இதையேதான் செய்தார். நீ கைக்குழந்தை. அந்த முசியே பெண்டாட்டி மதாம் எனக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு வேலை பார்த்து வைத்தார். தாதிகளுக்குக் கூடமாட நின்று, பிறகு நானே கற்றுக்கொண்டு தாதியாகலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கப்பா மில்லிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார், "அம்மாவுக்குப் புடிக்கல, வுட்டுடு." நான் விட்டுவிட்டேன். வேலையை விட்டதோடு, என் மாமியாரோடு பேச்சையும் விட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவேன். நீ கப்பல் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மாள் படுக்கையில் விழுந்தபோது, கஞ்சி கொடுக்கையில் ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா என் முட்டிவலிக்கு மருந்தாவது வந்திருக்குமே" என்றார். உங்கப்பா அப்போது உயிரோடு இல்லை, கேட்க முடியவில்லை. இருந்திருந்தால் அன்றைக்கு என்ன கேட்டிருப்பேன் என்று இப்போதும் சில நாள் சட்டி கழுவும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நல்ல வார்த்தை இல்லாமல் எத்தனை வருஷம் போயிற்று! அந்த அம்மாள் நல்ல பேச்சுக்காரி. பழகியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இந்தப் பழி வேண்டாம். அவள் நடிக்கட்டும், நடிக்காமல் போகட்டும், அதை அவள் தீர்மானிக்கட்டும், நீ அவளோடு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள். ஆனால் ஒருத்தி தனக்குப் பிடித்த வேலையை விட்டுவிட்டு, கண்காணாத ஊரில் உட்கார்ந்து, அதற்கு நான்தான் காரணம் என்று என்னைச் சபித்துக்கொண்டிருக்க நான் விடமாட்டேன். அவள் கடிதம் எனக்கு வேண்டும். அந்தப் போட்டோக்கள் வேண்டும். நீ எழுதுகிற கடிதத்தில் உன் சம்பளமும் பனியும் தவிர ஒன்றுமிருக்காது.

நீ கேட்டபடி அவளுக்கு நான் எழுதிவிட்டேன். ஒரு வரி இல்லை, நாலு பக்கம். இதற்கு முன்னாலேயே தபாலில் சேர்த்தாயிற்று. உன் வீட்டு விலாசத்துக்குப் போடவில்லை. அவளைப் பார்த்தவர்கள் எழுதுகிற கடிதமெல்லாம் அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குத்தான் போகும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், அங்கேயே அனுப்பிவிட்டேன். நான் அழவில்லை, என் மகன் பொய் சொன்னான், கையெழுத்துப் போடுவதானால் என்னை நினைத்துப் பயப்படாமல் போடு என்று எழுதியிருக்கிறேன். முத்தத்தைப் பற்றியும் ஒன்று எழுதியிருக்கிறேன். அது எங்கள் இருவருக்குள்.

இன்னொன்று. தனபாக்கியத்திடம் எல்சாவின் விலாசத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். நான் நிஜமாகவே கண்ணை மூடுகிற அன்றைக்கு முதல் தந்தி அவளுக்குத்தான் போகும். எனக்காக எப்படி அழவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தெருவே பார்த்திருக்கிறது. நீயும் வா. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வா.

உன் அம்மா.